எங்கள் தெருத் தண்ணீரும் என் வயிற்றெரிச்சலும்

1

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிகிறது.

இப்படி எழுதினால் ஊரில் இருந்து படிப்பவர்கள் காறித் துப்புவார்கள் என்று தெரியும். துப்பட்டும். கனடாவில், வினிபெக் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். என் ஊர் மதுரைக்கு வடக்கே, கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் இருக்கிறது. அந்த ஊரின் கடைசித் தெரு எங்களுடையது. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்து பார்த்ததில்லை. போன மாதம் ஒரு நாள், இங்கே விடிந்தும் விடியாத நேரத்தில், ஊரிலிருந்து என் மகள் கயல் வீடியோவில் கூப்பிட்டாள். தூக்கக் கலக்கத்தோடு எடுத்தேன்.

"அப்பா, பாருங்கப்பா! தண்ணி! நம்ம தெருவுல! மேலத்தெரு மாதிரியே அடிச்சு ஊத்துது!"

குழாயடியில் என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, நனைந்த சேலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். யாரோ யார் மேலேயோ தண்ணீரை விசிறியடித்தார்கள். நானும் சிரித்தேன். கண்கூடக் கலங்கியது. அதோடு விட்டிருந்தால் நல்லது. கயல் போனை அப்படியே திருப்பி, ஓரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற ஓர் ஆளைக் காட்டினாள்.

"எல்லாம் மாமாவாலதான்ப்பா!"

மாமா என்றால் என் மனைவியின் தம்பி இல்லை. தவமணி. என் நண்பன். முன்பு ஒன்றாகச் சுற்றியவன். அவன் போனைப் பார்த்து, "என்ன மாப்ள, முழிச்சிட்டியா?" என்றான். அந்த நிமிடத்தில் தொடங்கியது எரிச்சல்.

போனை வைப்பதற்கு முன் கயல் இன்னொன்றும் சொன்னாள். அதைத் தண்ணீரின் ஆரவாரத்தோடு சேர்த்துச் சொன்னால் எனக்கு உறைக்காது என்று நினைத்திருக்க வேண்டும். "அப்பா, செப்டம்பர்ல நான் வரல. மேல்படிப்பு இப்ப வேணாம். மாமா ஆபீஸ்லயே வேலைக்குச் சேந்துக்கிறேன்." அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட, "இந்தா வாரேன்!" என்று கத்திக்கொண்டே போய்விட்டாள்.

வாரேனாம். இங்கே பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடம் போன நாள் முதல் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்ன பிள்ளை. 

2

புலம்பெயர்ந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போவதைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்கும். தமிழ் மறக்கிறார்கள், சோறு வேண்டாம் என்கிறார்கள், வெள்ளைக்காரப் பையனைக் கூட்டிவருகிறார்கள் என்று. அதற்கெல்லாம் நான் மனதளவில் தயாராக இருந்தேன். மகள் நான் விட்டுவந்த ஊருக்கே திரும்பிப் போய், அங்கே இன்னொருவனின் சீடப்பிள்ளையாக உட்காருவாள் என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை.

தவமணிக்குச் சமயநல்லூர். மதுரையில் ஒரே கல்லூரியில் பொருளாதாரம் படித்தோம். முடித்ததும் இரண்டு பேரும் கணக்கெடுப்பு வேலைக்குப் போனோம். வீடு வீடாக ஏறி, ரேஷன் ஒழுங்காகக் கிடைக்கிறதா, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் வேலை. கீழக்குயில்குடியில் ஒரு தெரு முழுக்க எங்களைச் சீட்டுக் கம்பெனி ஆட்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தியது. சமணர் மலையடிவாரத்தில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே, இப்படிக் கேட்டு எழுதிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதே, அந்தக் காகிதத்தை யாராவது படிக்கிறார்களா என்று பேசிக்கொள்வோம். பிறகு நான் கனடாவுக்கு விண்ணப்பித்தேன். அவன் காளவாசல் பக்கம் ஒரு மாடியைப் பிடித்து, இரண்டு மேஜை போட்டு, சொந்தமாக ஆய்வு அலுவலகம் தொடங்கினான்.

பொதுக் கொள்கை ஆய்வு, ஆலோசனை என்றெல்லாம் இந்தத் தொழிலுக்குப் பெரிய பெயர் உண்டு. விஷயம் எளியது. ஊரில் ஒரு குறை இருக்கும். ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அதில் எது மெய்யான காரணம், எதை மாற்றினால் குறை தீரும், அதற்கு யார் யார் சம்மதிக்க வேண்டும் என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். நானும் அதே வேலைதான் செய்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், அவனிடம் கேட்பவர்கள் அவன் சொன்னதைச் செய்கிறார்கள்.

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்பிள்ளைகள் திடீரென்று மேல்நிலைப் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார்கள். கல்யாணம் பண்ணிக்கொடுக்கிறார்கள், பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தவமணி போய் விசாரித்தான். ரோட்டை அகலப்படுத்தியபோது பஸ் ஸ்டாப் மதுக்கடை வாசலுக்கு நகர்ந்திருந்தது. ஸ்டாப்பைப் பழைய இடத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். இந்தக் கதையை கயல் என்னிடம் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள், காரில் சொன்னாள், என் பிறந்தநாள் அன்றும் சொன்னாள். 

அவனுக்கு முன்மண்டை முழுக்க வழுக்கை விழுந்துவிட்டது. எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அதுதான்.

3

என் சாதனையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லாதவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

வினிபெக்கில் குளிர்காலம் என்பது பாதி வருடம். நிலத்துக்கடியில் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்பதால், சில வீடுகளுக்குக் குழாயை மெல்லத் திறந்துவிட்டே வைத்திருங்கள் என்று நகராட்சியே கடிதம் அனுப்பும். எங்கள் வீட்டுக்கும் ஒரு வருடம் வந்தது. இராப்பகலாகத் தண்ணீர் ஓடி வீணாய்ப் போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் மதினியிடம் போனில் பேசும்போது சமையலறைப் பக்கம் போகாமல் பேசினேன்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் சிறிய ஊராட்சிகளுக்கு அறிக்கை எழுதித் தரும். மக்களிடம் கருத்துக் கேட்போம். ஒரு கூடம், காப்பி, பிஸ்கட், சுவரில் ஒட்ட வண்ண வண்ணச் சீட்டுகள். ஓய்வுபெற்றவர்கள் சிலர் வருவார்கள். ஒருவர் நாயோடு வருவார். அவர் எழுதும் சீட்டு எப்போதும் நாயைப் பற்றியதாகவே இருக்கும். பிறகு சட்டப்பிரிவு பார்க்கும், மொழிப்பிரிவு பார்க்கும், நான் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஒருவேளை', 'பரிசீலிக்கலாம்' என்ற சொற்கள் முளைத்திருக்கும். கடைசியில் அது இணையத்தில் ஏறும். அதற்குப் பிறகு அதை என் மனைவி உமாகூடப் படித்ததில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் உருப்பட்டது. பக்கத்தில் ஒரு சிற்றூரில், பனி அள்ளும் வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று சண்டை. எப்போதும் எங்கள் தெருதான் கடைசி என்று ஒரு பகுதி மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். சுழற்சி முறை வையுங்கள், வாரம் ஒரு பகுதியிலிருந்து தொடங்கட்டும் என்று நான் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். சண்டை ஓய்ந்தது. நன்றி என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. அன்று வீட்டில் கேசரி கிண்டச் சொன்னேன்.

கயலுக்கும் இந்தப் படிப்பில்தான் ஆசை என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் வந்த ஆசை என்று உமாவிடம் பெருமையடித்தேன். கடைசி வருடக் களப்பயிற்சிக்கு எங்கள் நிறுவனத்திலேயே பேசி வைக்கிறேன் என்று அவளிடம் சொன்னபோது, "தாங்ஸ்ப்பா, நான் தவமணி மாமாகிட்ட ஏற்கனவே பேசிட்டேன்" என்றாள். முந்தைய வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அவன் அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போனது நான்தான். என் நண்பனைப் பார், எப்படி இருக்கிறான் என்று காட்டுவதற்காக.

4

கயல் போய் இறங்கியபோது தவமணியின் கையில் எங்கள் ஊர் வேலை இருந்தது. ஊராட்சியே அவனைக் கூப்பிட்டிருந்தது. கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை, முன்பு குழாய் சிறியது என்றார்கள், பெரிய குழாய் போட்டார்கள், அப்போதும் ஏறவில்லை, என்ன காரணம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று. அவளை என் அண்ணன் வீட்டில் தங்கவைத்து இந்த வேலையில் விட்டான்.

காலையில் தொட்டி நிறைந்ததும் ஆபரேட்டர் ஒருவர் வால்வுகளைத் திறந்துவிடுவார். முதலில் மேலத்தெரு, பிறகு நடுத்தெரு, பிறகு தெற்குத்தெரு, கடைசியாக நாங்கள். மேலத்தெருவில் பெரிய வீடுகள். மாடு குளிப்பாட்டி, தென்னைக்கு விட்டு, குழாயில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சித் தரைத்தொட்டியையும் நிரப்பிவிடுவார்கள். எங்கள் முறை வரும்போது தொட்டியில் சேறுதான் இருக்கும்.

கயல் ஆபரேட்டரிடம் கேட்டிருக்கிறாள். "அண்ணே, ஏன் எப்பவும் இந்த வரிசையிலயே திறக்குறீங்க?"

"வழக்கம் அப்படித்தாம்மா."

"யாரு வச்ச வழக்கம்?"

"வழக்கத்த யாரும் வைக்க மாட்டாகம்மா. அது இருக்கும்."

பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் சப்பரம் புறப்பட்டபோது அவளும் கூட்டத்தோடு பின்னால் நடந்திருக்கிறாள். மேலத்தெருவில் முதல் மரியாதை. பிறகு நடுத்தெரு. பிறகு தெற்குத்தெரு. எங்கள் தெரு முனையில் வந்து நின்று, தீபம் காட்டி, அப்படியே திரும்பிவிடும். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். இன்று சொந்த நிலம், கல்லூரிப் படிப்பு, அரசு வேலை எல்லாம் தெருவுக்குள் வந்துவிட்டது. சப்பரம் மட்டும் இன்னும் முனையிலேயே திரும்புகிறது.

அன்று கயல் போனில் கத்தினாள். "அப்பா, தண்ணி சாமி பின்னாடியே போகுதுப்பா! வால்வு வரிசையும் சப்பர வரிசையும் ஒண்ணு!"

அந்தச் சப்பரத்துக்குப் பின்னால் ஒவ்வொரு வருடமும் நடந்தவன் நான். அந்தக் குழாயடியில் காலிக் குடத்தோடு நின்றவனும் நான். தெருவரிசையை ஆராய்ந்து இன்னொரு நாட்டில் அறிக்கை எழுதிக் கேசரி சாப்பிட்டவனும் நான். என் ஊரில் அதைப் பார்த்தது என் மகள், அதுவும் தவமணிக்கு உதவியாளாக இருந்துகொண்டு.

"நல்லா பாத்திருக்கம்மா" என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "தவமணி என்ன சொன்னான்?"

"என்னைய வச்சே ஊராட்சியில சொல்ல வச்சாருப்பா. அவரு ஒண்ணுமே பேசல."

அயோக்கியன். எப்படிப் பிள்ளைகளைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறான்.

5

மே தினத்துக் கிராம சபையில் தீர்வை வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் விடுப்புப் போட்டுக் கிளம்பிவிட்டேன். அண்ணனைப் பார்க்க என்று அலுவலகத்தில் சொன்னேன். மகளைப் பார்க்க என்று உமாவிடம் சொன்னேன். என் ஊர்ப் பிரச்சினையை நான் இல்லாமல் தவமணி தீர்ப்பதா என்பதுதான் உள்ளே இருந்தது.

சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. மேலத்தெரு ஆட்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் வழக்கம்போல வாசல் பக்கம் இருந்தார்கள். தவமணி நடுவில் நின்று பேசினான். காலை வரிசையில் அவன் கை வைக்கவில்லை. அது பாட்டுக்கு மேலத்தெருவிலிருந்து தொடங்கட்டும். கடைசித் தெருவை மட்டும் அந்த வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். மதியம் தொட்டியை இன்னொரு தடவை நிரப்பி, அந்தத் தெருவுக்கென்று தனியாகத் திறந்துவிடலாம். யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குழாயில் மோட்டார் வைப்பதை மட்டும் எல்லாத் தெருவும் நிறுத்த வேண்டும்.

மேலத்தெரு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். வேலை முடிந்ததுபோல இருந்தது. தவமணி வழக்கப்படி, "வேற யாருக்காச்சும் யோசனை இருந்தா சொல்லுங்க" என்றான். அவன் பக்கத்தில் கயல் மைக்கை வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு பார்வை. அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது நான் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக் கொடுத்தால் என்னைப் பார்ப்பாள், அந்தப் பார்வை.

நான் எழுந்துவிட்டேன்.

"ஏன் வரிசையில கை வைக்கக் கூடாது? ஒரு வாரம் மேலத்தெருவுல இருந்து தொடங்கட்டும், ஒரு வாரம் எங்க தெருவுல இருந்து தொடங்கட்டும். சுழற்சி முறை. நான் இருக்கிற நாட்டுல இப்படித்தான் செஞ்சோம், நல்லா நடக்குது."

வாசல் பக்கமிருந்து எங்கள் தெரு இளவட்டங்கள் விசிலடித்தார்கள். மேலத்தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார்.

"அப்ப மொத மரியாதைய மாத்தச் சொல்றீகளா? இன்னைக்குத் தண்ணிம்பீக. நாளைக்குச் சப்பரத்தையும் ஒங்க தெருவுல இருந்து எடுக்கச் சொல்லுவீக."

"எடுத்தா என்ன?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். நாற்காலிகள் நகர்ந்தன. மேலத்தெரு ஆட்கள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். தலைவர் உட்காருங்க, உட்காருங்க என்று கத்திக்கொண்டிருந்தார். கயலின் முகம் வெளிறிப் போனது. அவளுடைய இத்தனை மாத வேலையும் வாசலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

பனியை யார் தெருவில் முதலில் அள்ளினாலும் அந்தச் சிற்றூரில் யாருக்கும் மானம் போகாது. எங்கள் ஊரில் யாருக்கு முதலில் என்பதில் நூறு வருடத்து மானம் இருக்கிறது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். கேட்டது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அதைக் கேட்க வைத்தது நியாயமா பொறாமையா என்றால், இரண்டும்தான்.

தவமணி பதறவில்லை. மைக்கை வாங்கி, "செல்வம் கேட்டதுல தப்பு ஒண்ணுமில்ல. நியாயமான கேள்வி" என்றான். என்னை எதிர்த்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஆனா அந்தத் தெருவுல தண்ணி பிடிக்கிறவுங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுவோமே" என்று வாசல் பக்கம் திரும்பினான்.

என் மதினி எழுந்தார். சபையில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி, எங்களுக்கு ரெண்டும் வேணும். மொதலும் வேணும், தண்ணியும் வேணும். நீங்க கேட்டதுக்கு எங்க தெருவே கும்பிடுது. ஆனா நீங்க நாளக்கழிச்சு பிளேன் ஏறிருவீக. நான் நாளைக்குச் சோறாக்கணும். இன்னைக்குத் தண்ணியக் குடுக்கச் சொல்லுங்க. மொதல நாங்களே கேட்டுக்கிறோம். ஒரு வருசம் போகட்டும், இதே சபையில நான் எந்திரிச்சுக் கேக்கேன்."

துண்டை உதறிய பெரியவர் வாசலருகே நின்றுவிட்டார். கயல் குனிந்து வேகமாக எழுதினாள். மதியத் தண்ணீர் உடனே. ஒரு வருடம் கழித்துக் காலை வரிசையைப் பற்றிச் சபை மீண்டும் பேசும். தீர்மானம் வாசிக்கப்பட்டது. மேலத்தெருவிலிருந்து முணுமுணுப்பு வந்தது. ஆனால் போனவர்கள் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

6

அன்று சாயங்காலம் தவமணி என்னைத் தன் பைக்கில் கொட்டாம்பட்டி வரை கூட்டிப்போனான். நான்குவழிச் சாலை ஓரம் நிறுத்திவிட்டுக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். எனக்கு இறங்கவில்லை.

"மாப்ள, நீ இம்புட்டு வேகமா எந்திரிப்பேன்னு தெரிஞ்சிருந்தா ஒன்னையவே மொதல்ல பேச விட்டிருப்பேன்" என்றான். "அந்த ஒரு வருச ஷரத்து நீ கேக்காட்டி வந்திருக்காது. நான் அத விட்டுட்டேன். தண்ணி வந்தாப் போதும்னு இருந்துட்டேன்."

அவன் என்னைப் பாராட்டுகிறான் என்பது புரிந்தது. பாராட்டும் இடத்தில் அவன் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குச் சர்டிபிகேட் குடுக்காத மச்சான். என் ஊரு, என் தெரு, என் மக. எல்லாத்தையும் நீ எடுத்துக்கிட்டு எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் குடுக்கிற."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "நான் எடுக்கலடா. நீ வச்சுட்டுப் போனது. வேற யாரு பாக்குறது?" என்றான். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்.

"கயல் எப்படி?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"அவ ஒன்னைய மாதிரி. சட்டுனு கோவம் வரும். நாம கணக்கெடுக்கப் போனப்ப நீ இருந்த மாதிரியே இருக்கா." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன்.

பிறகு அவன் அலுவலகம் எழுதிய அறிக்கையை கயல் எனக்கு அனுப்பினாள். முழுவதையும் படித்தேன். என் பெயரைத் தேடித்தான் படித்தேன். 'காலை வரிசையை மாற்றலாமே என்று ஊர்க்காரர் ஒருவர் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து' என்று இருந்தது. சபையில் பேசிய யாருடைய பெயரையும் போடுவதில்லை, அது அவர்கள் முறை என்றாள். முறைதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் போட்டிருக்கலாம்.

7

இப்போது இந்த மாதம் நடந்ததுக்கு வருகிறேன்.

தண்ணீர் வந்த செய்தியும் செப்டம்பரில் வரமாட்டேன் என்ற செய்தியும் ஒன்றாக வந்த பிறகு, நான் கயலோடு சரியாகப் பேசவில்லை. அவளுக்கு இங்கே மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதை ஒரு வருடம் தள்ளி வைக்கலாம் என்று பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது. என் பக்கம் இருந்த நல்ல வாதம் அதோடு போனது. பருவநிலை, கொசு, தனியாக இருக்கும் பெண்பிள்ளை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். "பெரியம்மா வீட்டுல இருக்கேன்ப்பா, தனியாவா இருக்கேன்?" என்றாள்.

மிச்சமிருந்தது விசா. அது முடியப் போகிறது. அவள் பிறப்பால் கனடாக் குடிமகள். எங்கள் தெருவில் எத்தனை குடம் தண்ணீர் பிடித்தாலும் இந்திய அரசாங்கத்துக்கு அவள் வெளிநாட்டுக்காரிதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்தத் தேதியை நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாட்டின் விசா விதியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அப்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அது இருந்தால் விசா இல்லாமல் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் ஊரில் இருக்கலாம். அதற்கு விண்ணப்பிக்க, பெற்றோர் ஒரு காலத்தில் இந்தியர்களாக இருந்ததற்குச் சான்று வேண்டும். அப்பாவுடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும், அதை ஒப்படைத்ததற்கான சான்றிதழும் வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

இங்கே குடியுரிமை வாங்கியபோது என் இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்தேன். ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். அலமாரியில், வருமான வரிக் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். திரும்ப உள்ளே வைத்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குப் பதில் போட்டேன்.

அடுத்த நாளும் அதையே எழுதினேன். அதற்கடுத்த நாள் வேலை அதிகம் என்றேன். கயல் அவசரப்படுத்தவில்லை. "சரிப்பா, கிடைக்கும்போது அனுப்புங்க" என்று மட்டும் எழுதினாள். அது அவளுடைய இயல்பே இல்லை. ஊருக்குப் போய்ப் பொறுமை கற்றுக்கொண்டிருக்கிறாள். யாரிடம் கற்றிருப்பாள் என்று யோசித்ததும் மறுபடி எரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் உமா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, கயலு கேட்டத அனுப்பிட்டீங்களா?"

"தேடிக்கிட்டு இருக்கேன்."

"எங்க தேடுறீங்க? அந்தா அலமாரியில இருக்கு. முந்தாநேத்து நீங்க எடுத்துப் பாத்தத நானும் பாத்தேன்."

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். உமாவுக்கும் மதுரைதான். கோச்சடைப் பக்கம் பிறந்தவள். அவளும் என்னோடுதான் குடியுரிமை வாங்கினாள்.

"அவளுக்கு எவ்வளவு அவசரம் பாரு, உன்கிட்டயும் கேட்டிருப்பாளே?" என்றேன்.

"கேக்கல. நானாத்தான் சொன்னேன். அந்த அட்டைக்கு அப்பா அம்மா ரெண்டு பேருல ஒருத்தர் காகிதம் இருந்தாப் போதுமாம். என் பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும் பீரோவுல தயாரா இருக்கு, இப்பவே அனுப்புறேன், ஒங்கப்பாவ எதுக்கு நீ எதிர்பாத்துக்கிட்டு இருக்கன்னு அன்னைக்கே கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"வேணாம்மா, நான் அப்பா வழியாத்தான் போடணும்னுட்டா. விசா முடிஞ்சா முடியட்டும், அப்பா குடுக்கட்டும்னா."

உமா துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அலமாரியைத் திறந்தேன். பாஸ்போர்ட்டில் இருந்த பையனுக்குத் தலை நிறைய முடி. பிறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் ஊரின் பெயர் இருந்தது. ஒவ்வொரு பக்கமாக, அதோடு இருந்த ஒப்படைப்புச் சான்றிதழையும் சேர்த்து, ஸ்கேன் செய்தேன். கோணலாக வந்ததைத் திரும்பச் செய்தேன். அவளுக்குக் கணக்குப் பாடத்தில் உதவிய காலத்துக்குப் பிறகு அவளுக்காக நான் இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை.

தவமணியால் அவளுக்கு வேலை கொடுக்க முடியும். தொழில் சொல்லித்தர முடியும். ஊர் முழுக்க அவளைக் கொண்டாட வைக்க முடியும். இந்த ஒன்றை மட்டும் அவனால் கொடுக்க முடியாது. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுதினால் என்னை அற்பன் என்பீர்கள். இனித்தது. அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வெற்றியை அனுபவித்தேன்.

பிறகு அழுத்தினேன். அவள் இனிமேல் எங்கள் தெருவிலேயே இருக்கலாம், யாரும் போகச் சொல்ல முடியாது.